சரியாத பனிக்குச் சாட்சி

மேடையில் அமர்ந்திருக்கும் ஷேக் அவர்களே, ஊர்த் தலைவர் ஸஃப்தர் அவர்களே, கீழ்ச்சாலை வழியாக முழங்கால் பனியில் நடந்து வந்த பக்கத்து ஊர்ப் பெரியவர்களே, தலைநகரிலிருந்து வந்து நம் விடுதியில் தங்கியிருக்கும் பனிச்சறுக்கு விருந்தாளிகளே, திரைக்கு இந்தப் பக்கம் என்னோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களே, உங்கள் எல்லோருக்கும் கவ்கபின் ஸலாம். எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய ஸலாம் ஒன்று உண்டு. தூபா, அது உனக்கு.

உஸ்தா ஹிதாயத் நம்மை விட்டுப் போய் இன்றோடு நாற்பது நாள். நாற்பதாம் நாளில் நம் வழக்கம் என்ன? ஓதுவோம், பேசுவோம், அழுவோம், தேநீர் குடிப்போம், பிறகு எல்லோருமாக எழுந்து, அடக்கம் செய்த கபருக்குப் போவோம். மனைவி கையால் கிண்டிய ஹல்வாவை அங்கே வைத்து ஃபாத்திஹா ஓதினால்தான் போனவருக்கு மனம் ஆறும் என்று நம் தாய்மார்கள் சொன்னார்கள். இன்று காலையில் ஒலிபெருக்கியிலும் அதைத்தான் சொன்னார்கள். "பேச்சு முடிஞ்சதும் எல்லாரும் கல் பாலத்துல கூடுங்க." அதோ, அவர் மனைவி தூபா மடியில் ஹல்வாத் தட்டை வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆறிவிடக் கூடாதே என்று மேலே சால்வை போர்த்தியிருக்கிறாள்.

ஆனால் கல் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? கிழவி இருக்கிறாள். என்னைச் சொல்லவில்லை, சிரிக்காதீர்கள். நம் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து கிழவி என்று அழைக்கும் அந்தச் சரிவைச் சொல்கிறேன். கபருக்குப் போகிற பாதை அவள் காலடியில்தான் போகிறது. மூன்று நாளாக இடைவிடாமல் கொட்டிய பனி முழுவதும் இப்போது அவள் தோளில் இருக்கிறது. போகலாமா, கூடாதா? இந்தக் கூட்டத்தில் நான் எழுந்து நிற்பதே அதற்காகத்தான். ஆகவே வாசல் பக்கம் செருப்புத் தேடுகிறவர்கள் கொஞ்சம் உட்காருங்கள்.

என் பெயரைச் சொல்லி அழைத்தபோது பாதிப் பேர் மற்றப் பாதிப் பேரைப் பார்த்தீர்கள். கண் மங்கியிருக்கிறது, அவிந்துவிடவில்லை. கவ்கபா? ஹிதாயத்தைப் புகழப் போகிறாளா? நியாயமான கேள்வி. முப்பத்தொரு வருஷம் நான் அந்த மனிதரோடு சண்டை போட்டேன். அதில் முப்பது குளிர்காலம் அவருக்குப் பின்னால் மலையேறினேன். இரண்டும் உண்மை. எனக்கு மறதி என்ற நோய் கிடையாது. யார் எந்த வருஷம் எந்த வார்த்தை சொன்னார்கள் என்று கேளுங்கள், அன்றைக்கு அவர்கள் போட்டிருந்த சட்டையின் நிறத்தோடு சொல்வேன்.

முதலில் அவர் எப்படிச் செத்தார் என்பதைச் சொல்கிறேன். படுக்கையில் செத்தார்! எழுபத்தொரு வயதில், போர்வைக்குள், கையில் தேநீர்க் குவளையோடு, வாயில் கற்கண்டு கரையும் முன்பே போய்விட்டார். ஐம்பது குளிர்காலம் பனிமலையில் திரிந்த ஒருவருக்குப் படுக்கையில் சாவு வருவது சின்ன விஷயமா? விருந்தாளிகளே, உங்கள் பத்திரிகைகளில் மலையேறிகள் செத்தால் வீரன் என்று எழுதுகிறார்கள். எங்கள் உஸ்தா வீரர் இல்லை. பயந்தவர். ஒவ்வொரு புதுப் பனிக்கும் புதிதாகப் பயந்தவர். அந்தப் பயத்தைத்தான் நான் இன்று புகழ வந்திருக்கிறேன்.

அவர் வேலை என்ன? இளவயதில், மேல்சாலை போட வந்த பனிப் பொறியாளர்களுக்கு மண்வாரி சுமந்தார். அவர்கள் இரண்டு குளிர்காலம் இருந்துவிட்டுப் போனார்கள். மண்வாரியும் வித்தையும் இவரிடம் தங்கிவிட்டன. அன்றிலிருந்து பனி கொட்டி ஓய்ந்த ஒவ்வொரு காலையும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சரிவுக்கு ஏறுவார். ஏன் அங்கே? கிழவியும் அந்தச் சின்னச் சரிவும் ஒரே திசையைப் பார்த்து நிற்பவர்கள். மேற்குக் காற்று இருவர் முதுகுக்குப் பின்னாலிருந்தும் பனியை அள்ளி வந்து முகத்தில் கொட்டும். "தங்கச்சி நாடியப் பிடிச்சா அக்கா காய்ச்சல் தெரியும்" என்பார். சின்னவள் சரிந்தாலும் இடுப்பளவுக்கு மேல் மூட மாட்டாள். பெரியவள் சரிந்தால் பள்ளிவாசல் உயரம்.

அங்கே நெஞ்சு ஆழத்துக்குக் குழி வெட்டுவார். குழியின் சுவரில் கையால் குத்திப் பார்ப்பார். எந்த அடுக்கில் முஷ்டி போகிறது, எந்த அடுக்கில் விரல் மட்டும் போகிறது, எந்த அடுக்கில் கத்தியைத் தவிர எதுவும் போகவில்லை. மேலே கெட்டியாகவும் கீழே முஷ்டி போகிற மாதிரியும் இருந்தால் அவர் முகம் மாறிவிடும். பிறகு முடிச்சுக் கயிற்றால் பனியை அறுத்து, ஒரு தூண் போல தனியாக நிறுத்துவார். அதன் தலையில் மண்வாரியைக் கவிழ்த்து வைத்துத் தட்டுவார். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு. முழங்கையிலிருந்து பத்து. தோளிலிருந்து பத்து. முப்பதும் தட்டி முடித்துத் தூண் நின்றால் ஊர் தன் பாட்டுக்குப் போகலாம். மணிக்கட்டிலேயே உடைந்தால் கல் பாலத்தில் சிவப்புத் துணி. அவ்வளவுதான் சட்டம். ராஜா வந்தாலும் அதுதான், மாப்பிள்ளை வந்தாலும் அதுதான்.

மாப்பிள்ளை என்றதும் ஞாபகம் வருகிறது. தலைவர் ஸஃப்தர் அவர்களே, உங்கள் கல்யாணம் எந்த வருஷம்? நீங்கள் மறந்திருந்தால் நான் சொல்கிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் பெண் வீடு. இந்தப் பக்கம் மேளத்தோடு மாப்பிள்ளை ஊர்வலம். நடுவில் உஸ்தாவின் சிவப்புத் துணி. மூன்று நாள்! மூன்று நாளும் மாப்பிள்ளை வீட்டார் என் தேநீர்க் கடையில்தான் கிடந்தார்கள். என் கோழி பதினாலும் போயிற்று. மாப்பிள்ளை முகம் சிவந்து, "யோவ் உஸ்தா, உன் பனிக்காக என் பொண்டாட்டி கிழவியாகணுமா?" என்று கத்தினார். உஸ்தா அசையவில்லை. "தம்பி, அவங்க கிழவியாகறது நல்லது. நீயும் கூடவே கிழவனாகணும்னுதான் நிக்கிறேன்" என்றார். ஊரே சிரித்தது. நான்காம் நாள் காலையில் கிழவி இறங்கினாள். பாதையின் மேல் இரண்டு ஆள் உயரத்துக்குப் பனி. அதை வெட்டி வழி எடுத்துத்தான் ஸஃப்தர் பெண் வீட்டுக்குப் போனார். இன்றைக்கு அவருக்கு ஆறு பேரன் பேத்திகள். அந்தக் கோழிகளுக்கு இன்னும் ஒரு வார்த்தை நன்றி வரவில்லை. போகட்டும்.

ஆனால் எல்லாருக்கும் நான்காம் நாள் வந்ததா? எனக்கு வரவில்லையே!

முப்பத்தொரு குளிர்காலத்துக்கு முன்னால் என் கணவர் யதுல்லா நெஞ்சுவலியில் போனார். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அவருடைய நாற்பதாம் நாளும் இன்றைப் போலத்தான் விடிந்தது. மூன்று நாள் கொட்டிவிட்டு, ஒரு பாவமும் அறியாத மாதிரி வானம் நீலமாக நின்றது. நான் விடியும் முன் எழுந்து மாவு வறுத்து, நெய் ஊற்றி, குங்குமப்பூவும் பன்னீரும் சேர்த்து ஹல்வா கிண்டினேன். சட்டியோடு தூக்கிக்கொண்டு நடந்தேன். பாலத்தில் அவர் நின்றார். வில்லோ மரக் குச்சியில் சிவப்புத் துணி. என்னை மரியாதையாகக் 'கானும்', அம்மணி, என்றுதான் அழைப்பார்.

"வழி விடுங்க, உஸ்தா."

"விட மாட்டேன், கானும்."

"உங்க வீட்டுச் சாவா இது? என் புருஷன் அங்க கெடக்கான்."

"யதுல்லா எனக்கும் கூட்டாளிதான். அவரு எங்கயும் போயிட மாட்டாரு. நீங்க போனா திரும்பி வர மாட்டீங்க."

"எத்தன தட்டுல உடஞ்சுதாம்?"

"ஆறு."

"ஆறுன்னா என்னா? ஏழுன்னா என்னா? எனக்கு நாப்பது! இன்னிக்கு நாப்பது!"

நான் என்ன செய்தேன் தெரியுமா? கரண்டியால் ஹல்வாவை அள்ளி அவர் மார்பில் எறிந்தேன். சூடு. அந்தக் கோட்டில் நெய்க்கறை பிடித்தது. அதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை, குச்சியைப் பிடித்திருந்தார். ஊர் பார்த்தது. நான் அங்கேயே பனியில் உட்கார்ந்து, கபர் இருக்கும் திசையைப் பார்த்து, அழுதுகொண்டே ஃபாத்திஹா ஓதினேன். பாதி ஓதும்போது என் குரல் அடைத்தது. மீதியை அவர் ஓதினார். அதற்கும் சேர்த்து நான் அவரை வெறுத்தேன்.

சரி, கிழவி இறங்கினாளா? இல்லை! அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. வெயில் வந்தது, இல்லை. காற்று வந்தது, இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் அப்படியே உட்கார்ந்திருந்து, வசந்தத்தில் தண்ணீராகி ஓடையில் போனாள். ஒரு பிடி பனிகூட பாதையில் விழவில்லை. தினமும் நான் கடை வாசலில் நின்று, அவர் போகும்போதெல்லாம் கேட்பேன். "எங்க உஸ்தா உங்க பனிச்சரிவு? வழி தவறிப் போச்சா? லெட்டர் கிட்டர் போட்டுச்சா?" கடையில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் தொப்பியைத் தொட்டு ஸலாம் சொல்லிவிட்டுப் போவார். திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அந்த வசந்தத்தில் நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தூபாவுக்கு மட்டும் தெரியும். அவள் முப்பத்தொரு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. பாதை திறந்த முதல் நாள் காலையில் என் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. உஸ்தா நிற்கிறார். கையில் ஒரு சட்டி. "கானும், வழி திறந்துடுச்சு. தூபா ஹல்வா கிண்டிக் குடுத்தா. வாங்க, யதுல்லாவப் பாத்துட்டு வருவோம்." நான் அவர் முகத்தில் கதவைச் சாத்தினேன். உள்ளே நின்று விரிசல் வழியாகப் பார்த்தேன். அவர் போகவில்லை. வெயில் ஏறியது. ஹல்வா ஆறியிருக்கும். நடுப்பகலில் லுஹர் தொழுகைக்கு அழைக்கும் வரை நின்றார். பிறகு சட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை எடுத்து, தனியாகக் கபருக்குப் போனேன். தூபா, இனிப்பு கொஞ்சம் கம்மி. மற்றபடி நல்ல ஹல்வா. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த குளிர்காலத்தில் முதல் பனி விழுந்த காலையில், நான் அவருக்குப் பின்னால் ஏறினேன். எதற்கு? நல்ல எண்ணத்தில் இல்லை. இந்த ஆள் ஊரை ஏமாற்றுகிறார், குழியும் தட்டும் எல்லாம் வித்தை, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஏறினேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"எங்க வர்றீங்க, கானும்?"

"உங்க பொய்ய எண்ண வர்றேன்."

"நல்லதாப் போச்சு. எனக்கு எண்ணிக்கிட்டே தட்ட வராது, நடுவுல விட்டுடுது. வந்தது வந்தீங்க, மண்வாரியப் பிடிங்க."

அப்படித்தான் எண்ணுகிற வேலை எனக்கு வந்தது. முப்பது குளிர்காலம் அவர் தட்டினார், நான் எண்ணினேன். எனக்கு இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிற்று, ஆனால் முப்பது வரை என்னை யாரும் ஏமாற்ற முடியாது. அவர் பதினாலு என்றால் நான் பதின்மூணு என்பேன். சண்டை வரும். சண்டை வந்தால் அவர் மறுபடி புதிதாக ஒரு தூண் அறுப்பார். "சந்தேகம்னா இன்னொரு குழி" என்பார். முட்டி வலிக்கிறது, நிழல் பக்கம் பனி மிருதுவாக இருக்கிறது, அங்கே வெட்டலாமே என்று நான் ஒரு நாள் சொன்னேன். "வெட்டச் சுலபமான எடத்துல வெட்டினா நமக்குப் பிடிச்ச பதில்தான் வரும். காத்து கொட்டின எடத்துல வெட்டுங்க" என்றார். கூலி உண்டா? அவருக்கே கிடையாது, எனக்கு எங்கிருந்து வரும்?

மூன்றாவது வருஷம் என்று நினைக்கிறேன். இல்லை, நினைப்பதென்ன, மூன்றாவது வருஷம்தான், அவர் பச்சைக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். குழிக்குள் இருவரும் நிற்கிறோம். அடியில் சர்க்கரை போல பொலபொலவென்று ஒரு அடுக்கு, கையில் அள்ளினால் நிற்காமல் கொட்டுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று சொன்னார்.

"நாதர் போன அன்னிக்கும் இதுதான் அடியில கெடந்துச்சு."

நாதர் அவருடைய தம்பி. பனியில் போனான் என்பது ஊருக்குத் தெரியும். எப்படிப் போனான் என்பது தெரியாது. உஸ்தா வித்தை கற்ற புதிது. அன்றைக்குக் குழி வெட்டியிருந்தார், ஒன்பதில் உடைந்திருந்தது. பாலத்துக்கு வந்தால், கிழவியின் காலடியில் ஒரு தடம். விடியற்காலையில் யாரோ ஒரு மேய்ப்பன் எட்டு ஆடுகளோடு கடந்து போயிருக்கிறான். நாதர் சிரித்தான். "அண்ணே, ஆடே போயிருக்கு. உன் ஒம்போத ஆட்டுகிட்ட சொல்லு." உஸ்தா தடத்தைப் பார்த்தார். தன் கை எண்ணியதை விட்டுவிட்டு ஆட்டின் காலை நம்பினார். "சரி, போ" என்றார். அந்த இரண்டு சொல்லைத்தான் அவர் ஆயுள் முழுக்கச் சுமந்தார். தம்பி அதே தடத்தில், அதே குளம்படியில் கால் வைத்துத்தான் போனான். பாதி தூரம் போனான்.

"ஆடு எட்டு, மேய்க்கிறவன் ஒருத்தன், ஒம்போது பேரத் தாங்கிச்சு. பத்தாவது ஆளத் தாங்கல. தடம்ங்கறது போனவனுக்குத்தான் சொந்தம், கானும். வர்றவனுக்கு அதுல பங்கில்ல."

நான் அப்போது கேட்டேன். அவ்வளவு வருஷம் மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். "அப்ப யதுல்லாவோட நாப்பதுக்கு மட்டும் ஏன் சரியல?"

"தெரியல."

"தெரியலயா!"

"சரிஞ்ச பனிக்கு ஊரே சாட்சி. சரியாத பனிக்கு யாரு சாட்சி சொல்லுவா? அன்னிக்கு நீங்க போயிருந்தா ஒண்ணும் ஆகாமயும் இருந்திருக்கலாம். போயிருந்தா அதுவே சரிஞ்சும் இருக்கலாம். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஆறு. ஆறுக்கு நான் வழி விட மாட்டேன். அதுக்கு நீங்க ஏசுனா ஏசிக்கங்க. ஏச ஆளு இருக்கறதே எனக்குப் போதும்."

கேட்டீர்களா? ஏச ஆள் இருக்கிறதே எனக்குப் போதும் என்றார்! ஐயோ, முப்பது வருஷம் என் ஏச்சைத் தாலாட்டு மாதிரி கேட்டுக்கொண்டு நடந்த மனிதரே! என் குரல் கேட்டபோதெல்லாம், நான் உயிரோடு இருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு போனவரே! அதற்குப் பிறகும் நான் ஏசுவதை நிறுத்தவில்லை. ஆனால் ஏச்சு வேறாகிவிட்டது. அது உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவருக்குத் தெரியும்.

இனி இன்றைக்கு வருகிறேன்.

அவரை அடக்கம் செய்த நாளில் மலை பழைய பனியோடு வற்றிக் கிடந்தது, பாதை திறந்திருந்தது, நாம் எல்லோரும் போனோம். கபருஸ்தானை ஏன் அங்கே வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் மண். நம் முன்னோர் கோடையில் இடம் பார்த்தவர்கள். இன்று காலையில், சுபுஹு தொழுதுவிட்டு, உஸ்தாவின் மண்வாரியையும் முடிச்சுக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு நான் சின்னச் சரிவுக்கு ஏறினேன். எனக்கு அறுபத்தொன்பது வயது. நாலு இடத்தில் உட்கார்ந்து ஏறினேன். ஐந்தாவது முறை எழுந்து காலை வைத்தபோது, அடியில் 'வும்' என்று ஒரு சத்தம். பெரிய மிருகம் தூக்கத்தில் மூச்சு விடுகிற சத்தம். என் காலடியிலிருந்து ஒரு விரிசல் புறப்பட்டு, பீங்கான் பாத்திரத்தில் ஓடுகிற மாதிரி இருபது முழம் ஓடியது. அங்கேயே நின்று குழி வெட்டினேன். மேலே இடுப்பளவு புதுப் பனி, காற்று அடித்துப் பலகையாக இறுகியிருக்கிறது. விரல் மட்டும்தான் போயிற்று. அதற்குக் கீழே, போன மாதக் குளிரில் விளைந்த சர்க்கரை. முஷ்டி போயிற்று, மணிக்கட்டு வரை போயிற்று. தூண் அறுத்தேன். தட்டினேன். எண்ணுவதற்கு ஆள் இல்லை, நானே தட்டி நானே எண்ணினேன்.

நாலு.

யதுல்லாவுக்கு ஆறு. நாதருக்கு ஒன்பது. இன்றைக்கு நாலு. சந்தேகத்துக்கு இன்னொரு தூண் அறுத்தேன். மூன்று.

இறங்கி வந்து பாலத்தில் சிவப்புத் துணியைக் கட்டினேன். வீட்டுக்குப் போய் உடை மாற்றித் திரும்பி வந்தால், துணியைக் காணோம். குச்சி மட்டும் நிற்கிறது. துணி மடித்து, மசூதிப் படிக்கட்டில் கல்லுக்கு அடியில் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது. இதோ, என் மடியில் இருக்கிறது, பாருங்கள். யார் அவிழ்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். ஸஃப்தர், தலையைக் குனியாதே, எல்லோரும் பார்க்கிறார்கள்.

நீ கெட்டவன் இல்லை. எனக்குத் தெரியும். நீ அவருக்காக அழுததைப் பார்த்தேன். பாலத்தில் என்னிடம் என்ன சொன்னாய்? "கவ்கப் அக்கா, நாப்பதாம் நாளு அவரப் பாக்காம விட்டா ஊரு என்னைக் காறித் துப்பும். அதோ பாருங்க, தடம் இருக்கு" என்று கையை நீட்டினாய். ஆமாம், தடம் இருந்தது. விருந்தாளிகளில் இரண்டு பேர் எட்டு மணிக்குச் சறுக்குக் கட்டையோடு கடந்து போய், படம் எடுத்துக்கொண்டு, திரும்பியும் வந்திருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். பிள்ளைகளே, உங்களைத் திட்ட மாட்டேன். நீங்கள் திரும்பி வந்ததற்கு அல்லாஹ்வுக்கு நன்றி. ஆனால் நீங்கள் போட்டுவிட்டு வந்தது பாதை இல்லை. எட்டு ஆட்டின் தடத்தில் ஒருவன் போனான் என்று இப்போது சொன்னேனே, இங்கே முந்நூறு பேர் இருக்கிறோம். நம்மில் பத்தாவது ஆள் யார்? கை தூக்குங்கள் பார்க்கலாம்!

ஐம்பது வருஷம் ஒரு மனிதர் நம்மை அந்தப் பாதையில் போகவிடாமல் நிறுத்தினார். இன்று அவருக்கு மரியாதை செய்கிறோம் என்று சொல்லி, அதே பாதையில், அவருடைய கபரை நோக்கியே வரிசையாக நடக்கப் போகிறோமா? அவர் அங்கிருந்து பார்த்துக்கொண்டு படுத்திருப்பாரா? மண்ணைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்து பாலத்தில் நிற்க மாட்டாரா?

தூபா.

காலையில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "அக்கா, எல்லாரையும் நிறுத்துங்க. என்ன மட்டும் விடுங்க. ஒருத்திதானே? மெதுவாப் போயிட்டு வந்துடறேன். அவரு கோவிச்சுக்க மாட்டாரு." உனக்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. ஏனென்றால், அந்தப் பாலத்தில் ஹல்வாச் சட்டியோடு நின்றவள் நான். இந்த ஊரில் உன் வயிறு எரிவது என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதே நான் உன்னை நிறுத்துகிறேன். இதற்காகத்தான் அந்த மனிதர் என்னை முப்பது வருஷம் மண்வாரி பிடிக்க வைத்தாரோ என்னவோ.

விட மாட்டேன், தூபா. நாலுக்கு நான் வழி விட மாட்டேன்.

ஷேக் அவர்களே, ஊராரே, நான் வாக்குக் கொடுக்கிறேன். என் முட்டி இருக்கும் வரை ஒவ்வொரு புதுப் பனிக்கும் குழி வெட்டுவேன். காற்று கொட்டிய இடத்தில்தான் வெட்டுவேன். முட்டி போனபிறகு ஸஃப்தர் வெட்டுவான். ஏன் ஸஃப்தர்? துணியை அவிழ்க்கத் தெரிந்த கை கட்டவும் கற்றுக்கொள்ளட்டும். மறுக்காதே, என் பதினாலு கோழிக்கு இதோடு கணக்குத் தீர்ந்தது. இந்தக் கூட்டம் முடிந்ததும் நாம் எல்லோரும் பாலம் வரை போவோம். பாலம் வரைதான். இந்தப் பக்கக் கரையில் நின்று, கபரைப் பார்த்து ஃபாத்திஹா ஓதுவோம். தூபாவுக்குப் பாதியில் குரல் அடைத்தால் மீதியை நான் ஓதுகிறேன். அதற்கும் சேர்த்து அவள் என்னை வெறுத்துக்கொள்ளட்டும்.

இன்று கிழவி இறங்குவாளா? எனக்குத் தெரியாது. இறங்காமலே போகலாம். இந்தப் பனி அப்படியே நின்று வசந்தத்தில் தண்ணீராகிப் போகலாம். அப்போது தெருவில் என்னை நிறுத்திக் கேளுங்கள். "எங்க கவ்கப் உன் பனிச்சரிவு? வழி தவறிப் போச்சா?" நான் தலையைத் தொட்டு ஸலாம் சொல்லிவிட்டுப் போவேன். முந்நூறு பேர் ஏசுகிற சத்தம் என் காதில் விழட்டும், ஒன்று குறையாமல் எண்ணிக்கொள்கிறேன்.

தூபா, அந்த ஹல்வா இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. எறிய வேண்டுமானால் எறி. இந்தக் கறுப்புக் கோட்டு பழசுதான், நான் துடைக்க மாட்டேன், என் கையில் சிவப்புத் துணி இருக்கும்.

பாதை திறக்கிற நாள் காலையில் உன் கதவைத் தட்டுகிறவள் நானாக இருப்பேன். கையில் சட்டி இருக்கும், இனிப்புத் தூக்கலாகவே போடுவேன். நீ என் முகத்தில் கதவைச் சாத்தலாம், உனக்கு அந்த உரிமை உண்டு. லுஹர் அழைக்கும் வரை நிற்பேன். அவர் நின்றார்.